கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள்: சமூக மாற்றத்துக்காக முதல் படம் எடுப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சமூகப் பிரச்சினை ஒன்றைப் படமாக்க வேண்டும் என்ற ஆர்வத்துடன் வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்தக் கேமரா வாங்கலாம் என்பதைத்தான். நான் திருப்பிக் கேட்பது இதுதான்: படம் முடிந்ததும் அதை எந்த அறையில், யார் முன்னால் ஓட்டப்போகிறீர்கள்? "எல்லோரும் பார்க்க வேண்டும்" என்று பெரும்பாலும் பதில் வரும். அந்தப் பதிலோடு படப்பிடிப்புக்குப் போகாதீர்கள். ஒரு படத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போகிறவர்கள் அடுத்த வாரம் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் அந்தப் படத்தின் சக்தி முழுவதும் இருக்கிறது. அவர்கள் யார் என்று தெரிந்துவிட்டால் எதை எடுப்பது, எவ்வளவு நீளம், எந்த மொழி, எந்தத் தொனி என்பதெல்லாம் ஒவ்வொன்றாகத் தெளிவாகும். எனவே இந்த வழிகாட்டியும் கடைசிப் படியான திரையிடலை மனத்தில் வைத்தே தொடங்குகிறது.

சுயாதீனப் படம் என்று நான் சொல்வது, பெரிய ஸ்டுடியோவோ தொலைக்காட்சி நிறுவனமோ பணம் போட்டு உள்ளடக்கத்தைத் தீர்மானிக்காத படத்தை. அது கதைப்படமாகவும் இருக்கலாம், ஆவணப்படமாகவும் இருக்கலாம். முதல் முயற்சிக்குப் பத்து முதல் இருபது நிமிட ஆவணப்படமே ஏற்றது என்பது என் கருத்து. கீழே வருபவை அதை ஒட்டியவை.

பார்வையாளரைத் தீர்மானியுங்கள்

ஒரு தாளில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். இந்தப் பிரச்சினையில் முடிவெடுக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது? அவர் யார் சொன்னால் கேட்பார்? பாதிக்கப்பட்டவர்களில் இன்னும் வாய் திறக்காதவர்கள் யார்?

ஓர் ஆற்றில் ஆலைக் கழிவு கலக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "மாசு பற்றிய விழிப்புணர்வை ஏற்படுத்துவது" என்று எழுதினால் அதை வைத்து ஒரு காட்சியைக்கூடத் திட்டமிட முடியாது. "கழிவுநீர்ச் சோதனை முடிவுகளை மாதந்தோறும் வெளியிடும்படி அதிகாரி உத்தரவிட வேண்டும், அதைக் கேட்கக் கரையோர விவசாயிகளும் ஆலைத் தொழிலாளர்களும் சேர்ந்து போக வேண்டும்" என்று எழுதிப் பாருங்கள். உடனே பல விஷயங்கள் புலப்படும். ஆலையை அரக்கனாக மட்டும் காட்டினால் வேலை போய்விடும் என்று அஞ்சித் தொழிலாளி எதிர்ப்பக்கம் போய்விடுவார். ஆகவே, அந்தத் தண்ணீரால் அவர் குடும்பத்துக்கு என்ன நேர்கிறது என்பதும் படத்தில் வர வேண்டும். அதிகாரிக்குக் கண்ணீரைவிடச் சோதனை அறிக்கை முக்கியம். அதுவும் வேண்டும்.

அமெரிக்க ராணுவத்துக்குள் நடக்கும் பாலியல் வன்முறையைப் பற்றிக் கிர்பி டிக் இயக்கிய 'தி இன்விசிபிள் வார்' இந்த விஷயத்தில் கவனிக்க வேண்டிய படம். 2012 ஜனவரியில் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. திரையரங்குகளுக்கு வருவதற்கு முன்பே, ராணுவக் கொள்கையில் கை வைக்கக்கூடியவர்களின் பார்வைக்கு அது போய்ச் சேர்ந்தது. ஏப்ரலில் அப்போதைய பாதுகாப்புச் செயலர் லியோன் பனெட்டா பார்த்தார். அடுத்த சில நாள்களிலேயே, கடுமையான புகார்களை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் அதிகாரத்தைப் படைப்பிரிவின் நேரடி மேலதிகாரியிடமிருந்து எடுத்து, கர்னல் நிலையில் உள்ளவர்களுக்கு மாற்றினார். திரையரங்க வெளியீடு ஜூனில்தான் நடந்தது. பிரச்சினை அத்துடன் தீர்ந்துவிடவில்லை; பாதிக்கப்பட்டவர்கள் கேட்டது இதைவிட அதிகம். ஆனாலும் முடிவெடுப்பவர் யார் என்பதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்ததன் பலன் அது.

முதலில் கேமரா இல்லாமல் போங்கள்

முதல் சில சந்திப்புகளுக்குக் கேமராவை எடுத்துச் செல்லாதீர்கள். போய் உட்காருங்கள், கேளுங்கள், திரும்பி வந்து குறிப்பெழுதுங்கள். இதே பிரச்சினைக்காக முன்பு யார் போராடினார்கள், எந்த மனு எங்கே கிடப்பில் கிடக்கிறது, நீதிமன்றத் தீர்ப்பு ஏதாவது உண்டா என்று விசாரியுங்கள். பத்து வருடமாக ஒரு சங்கம் போராடிக்கொண்டிருக்கும் இடத்துக்குப் போய், நாம்தான் முதலில் கண்டுபிடித்தோம் என்ற தோரணையில் பேசினால் கதவுகள் சாத்திக்கொள்ளும். அந்தச் சங்கத்தைத் தேடிப் போங்கள். உங்கள் படத்தைப் பிற்பாடு கையில் எடுத்து வேலை செய்யப்போகிறவர்கள் அவர்கள்தான்.

அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் எரால் மோரிஸ் டெக்சஸுக்குப் போனது வேறொரு படத்துக்காக. மரண தண்டனை வழக்குகளில் அரசுத் தரப்புக்குச் சாட்சி சொல்லிவந்த மனநல மருத்துவர் ஒருவரைப் பற்றி எடுக்க நினைத்தார். அதற்காகச் சிறையில் இருந்தவர்களைச் சந்தித்தபோதுதான் ராண்டல் அடம்ஸைக் கண்டார். காவலர் ஒருவரைச் சுட்டுக் கொன்றதாக 1977இல் தண்டிக்கப்பட்டவர் அடம்ஸ். மோரிஸ் வழக்கு ஆவணங்களைப் படித்து, சாட்சிகளைத் தேடிப்பிடித்துப் பேச வைத்தார். சாட்சியங்கள் எவ்வளவு உளுத்துப்போனவை என்பது கேமரா முன்பே வெளிப்பட்டது. 'தி தின் புளூ லைன்' 1988இல் வெளியானது. 1989இல் அடம்ஸ் விடுதலையானார். தான் போட்டுவைத்த திட்டத்தைக் களம் மாற்றும்போது அதற்கு இடம் கொடுத்தார் மோரிஸ். ஒவ்வொரு கூற்றையும் ஆவணத்தோடு உரசிப் பார்க்கவும் செய்தார்.

நீங்களும் முதல் நாளிலிருந்து ஒரு கோப்பைத் திறந்துவையுங்கள். படத்தில் வரும் ஒவ்வொரு எண்ணுக்கும், ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் அதில் ஒரு சான்று இருக்க வேண்டும். ஒரே ஒரு தவறான எண் போதும், எதிர்த்தரப்பு மொத்தப் படத்தையும் பொய் என்று ஒதுக்கிவிடும். குற்றம் சாட்டப்படுபவரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேளுங்கள். பதில் வந்தால் படத்தில் சேருங்கள், வராவிட்டால் கேட்டோம் என்பதைத் திரையில் சொல்லுங்கள்.

சம்மதம் என்பது ஒரு கையெழுத்தோடு முடிவதில்லை

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். சமூகப் படங்களில் நடக்கும் கொடுமைகளில் பெரும்பாலானவை இங்கேதான் நடக்கின்றன. ஒருவர் தன் வாழ்க்கையில் பட்ட அவமானத்தை உங்களை நம்பிச் சொல்கிறார். நீங்கள் விருது வாங்கிக்கொண்டு போய்விடுவீர்கள். அவர் அதே தெருவில், அதே முதலாளியிடம், அதே உறவினர்களோடு வாழ வேண்டும்.

சம்மதத்தை மூன்று முறை கேளுங்கள்: எடுப்பதற்கு முன், தொகுத்த பிரதியைக் காட்டிய பின், இணையத்தில் ஏற்றுவதற்கு முன். முதல் முறை கேட்கும்போதே, நடக்கக்கூடிய மோசமான விளைவைச் சொல்லிவிடுங்கள். "உங்கள் முதலாளி பார்க்கலாம். உங்கள் பிள்ளையின் பள்ளியில் யாராவது பார்க்கலாம். இணையத்தில் ஏறியதை முழுமையாக அழிக்க முடியாது." இதைக் கேட்டுவிட்டு ஒருவர் பின்வாங்கினால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். எந்தத் தேதி வரை விலகிக்கொள்ளலாம் என்பதையும் அவருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுங்கள். குழந்தைகள் என்றால் பெற்றோரின் ஒப்புதல் மட்டும் போதாது. வளர்ந்த பிறகு அந்தக் குழந்தை இந்தக் காட்சியைப் பற்றி என்ன நினைக்கும் என்று நீங்களே யோசிக்க வேண்டும்.

முகத்தை மறைக்க வேண்டியிருந்தால், எடிட்டிங்கில் மறைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். மூலக் காட்சி வேறு கைக்குப் போனால் முகமும் போய்விடும். எடுக்கும்போதே கைகளை மட்டும் எடுங்கள், அல்லது ஜன்னலுக்கு எதிராக உட்காரவைத்து நிழலுருவமாக எடுங்கள். தழும்பு, பச்சை குத்திய அடையாளம், மோதிரம், சுவரில் மாட்டியிருக்கும் படம் எல்லாம் ஆளைக் காட்டிக்கொடுக்கும். குரலின் சுருதியை மாற்றுவது பாதுகாப்பாகத் தோன்றும், ஆனால் அதைத் திரும்பச் சரிசெய்துவிட முடியும். அவர் சொன்னதை இன்னொருவர் குரலில் பதிவு செய்வதே நல்லது. கைபேசியில் இருப்பிடப் பதிவு வசதியை அணைத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் ஒவ்வொரு கோப்புக்குள்ளும் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்பது பதிந்திருக்கும். மனித உரிமைக் காணொளிகளுக்காக 1992இல் தொடங்கப்பட்ட விட்னஸ் என்ற அமைப்பு இத்தகைய பாதுகாப்பு முறைகளை விரிவாகக் கற்றுத் தருகிறது. படப்பிடிப்புக்கு முன் அவற்றைப் படித்துவிடுங்கள்.

கருவிகள்

கேமராவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அமெரிக்க இயக்குநர் ஷான் பேக்கரின் 'டேஞ்சரின்' 2015இல் திரையரங்குகளில் ஓடியது. அது ஐபோன் 5எஸ்ஸில் எடுக்கப்பட்ட படம். கையில் இருக்கும் கைபேசியை முக்காலியில் பொருத்தி, படுக்கைவாக்கில் வைத்து, ஃபோகஸையும் ஒளியளவையும் பூட்டிவிட்டு, விமானப் பயன்முறையில் போட்டு எடுங்கள். விளக்கொளியில் படம் துடித்தால், அது மின்சாரத்தின் அதிர்வெண்ணோடு ஒத்துப்போகாததால் வருவது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் வினாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் வேகம் 1/50 வினாடி என்று வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் என்றால் 30 ஃப்ரேம், 1/60.

பணம் இருந்தால் மைக்கில் போடுங்கள். மங்கலான படத்தைப் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார், புரியாத பேச்சைப் பொறுக்க மாட்டார். சட்டையில் குத்தும் சிறிய மைக் ஒன்றும், அதைப் பொருத்தி ஒலியை மட்டும் பதிவு செய்ய இன்னொரு கைபேசியும் இருந்தால் நேர்காணலுக்குப் போதும். தொடக்கத்தில் ஒருமுறை கை தட்டுங்கள். எடிட்டிங்கில் படத்தையும் ஒலியையும் பொருத்த அது உதவும். ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டுக்கொண்டே எடுங்கள். கிளம்புவதற்கு முன் யாரும் பேசாதபோது அந்த இடத்தில் கேட்கும் வெற்று ஒலியை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள், வெட்டிய இடங்களை ஒட்டவைக்கத் தேவைப்படும்.

எடுக்கும்போது

"ஆம்", "இல்லை" என்று முடியும் கேள்விகளைக் கேட்காதீர்கள். "அன்று காலை என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று தொடங்குங்கள். பதில் முடிந்த பிறகும் சில வினாடிகள் பேசாமல் இருங்கள். மிக முக்கியமான வாக்கியம் பல சமயம் அந்த இடைவெளியில்தான் வரும். அவர் அழுதால் கேமராவை முகத்துக்கு அருகே கொண்டுபோகாதீர்கள், நிறுத்தட்டுமா என்று கேளுங்கள்.

பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் உங்களிடம் இருப்பது வானொலி நிகழ்ச்சிதான். அந்த மனிதர் வேலை செய்வதை எடுங்கள், நடக்கும் வழியை எடுங்கள், அவர் நிரப்பும் படிவத்தை எடுங்கள். ஒவ்வொரு ஷாட்டையும் குறைந்தது பத்து வினாடி அசையாமல் பிடியுங்கள். பாதிக்கப்பட்டவர்களைத் துயரப்படுபவர்களாக மட்டும் காட்டும் வழக்கம் எனக்குச் சற்றும் பிடிக்காது. அவர்கள் வாதாடுகிறார்கள், கணக்குப் போடுகிறார்கள், சிரிக்கிறார்கள், தங்களுக்குள் சண்டை போடுகிறார்கள், தீர்வுகளையும் யோசித்துவைத்திருக்கிறார்கள். அவையெல்லாம் இருந்தால்தான் பார்ப்பவர் அவர்களைச் சக மனிதர்களாக மதிப்பார். இரக்கம் மட்டும் வந்தால் அது அரங்கின் வாசலிலேயே தீர்ந்துபோகும்.

அன்றன்றைக்கு எடுத்ததை அன்றிரவே மூன்று பிரதிகளாக்குங்கள்: இரண்டு வெவ்வேறு வகைச் சேமிப்பில், ஒன்று வேறு இடத்தில். பிரதி எடுத்ததைத் திறந்து பார்த்த பிறகே மெமரி கார்டை அழியுங்கள்.

தொகுப்பது, பிறகு உரியவர்களிடம் காட்டுவது

எடிட்டிங் மென்பொருளைத் திறப்பதற்கு முன் நேர்காணல்கள் முழுவதையும் எழுத்தாக்குங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் படம் அங்கேதான் கிடைக்கிறது. முக்கியமான வரிகளைத் துண்டுத்தாள்களில் எழுதி, தரையில் பரப்பி, இடம் மாற்றி மாற்றி அடுக்கிப் பாருங்கள். அடுக்கு சரியாக வந்த பிறகு கணினிக்குப் போங்கள். டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே முதல் படத்துக்குத் தாராளம். பிரபலமான பாட்டு எதையும் அனுமதியில்லாமல் சேர்க்காதீர்கள். படத்தை இணையத்தில் முடக்க எதிர்ப்பவர்களுக்கு அதைவிட எளிய வழி கிடையாது. சோகத்துக்குச் சோக இசை போடுவதையும் தவிர்த்துவிடுங்கள். ஒருவர் தன் குரலில் சொல்லிவிட்டதை வயலின் இன்னொரு முறை சொல்ல வேண்டியதில்லை.

முதல் பிரதி தயாரானதும் அதை முதலில் பார்க்க வேண்டியவர்கள் படத்தில் இருப்பவர்கள். இந்த விஷயத்தில் எனக்கு என்றைக்கும் முன்மாதிரி ஃபோகோ தீவு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உள்ள அந்தத் தீவில் மீன்பிடித் தொழில் நொடித்துக்கொண்டிருந்தது. மக்களை வேறு இடத்தில் குடியேற்றும் யோசனை அரசுத் தரப்பில் இருந்தது. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் தொடங்கிய 'சேலஞ்ச் ஃபார் சேஞ்ச்' திட்டத்தின் கீழ் 1967இல் காலின் லோ அங்கே போனார். அரசு நிறுவனத்தின் திட்டம்தான். ஆனாலும் அவர் செய்த முறையைச் சுயாதீனக் கலைஞர்கள் இன்றும் கற்க வேண்டும். ஒரே பெரிய படமாக எடுக்காமல் இருபதுக்கும் மேற்பட்ட சிறு படங்களாக எடுத்தார். பேசியவர்களிடமே முதலில் காட்டினார். அவர்கள் வேண்டாம் என்றதை நீக்கினார். பிறகு ஒரு குடியிருப்பில் எடுத்ததை அடுத்த குடியிருப்பில் ஓட்டினார். மதத்தாலும் தூரத்தாலும் பிரிந்து கிடந்த ஊர்க்காரர்கள், தங்கள் கவலைதான் மற்றவர்களுக்கும் என்பதைத் திரையில் கண்டார்கள். படங்கள் அரசிடம் போயின; அமைச்சரின் பதிலும் படமாக்கப்பட்டுத் தீவுக்குத் திரும்பி வந்தது. மீனவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். தீவை விட்டு யாரும் வெளியேற்றப்படவில்லை. அந்தத் திரையிடல்கள் எல்லாம் முழுமை பெற்ற கலைப்படைப்பின் வெளியீட்டு விழாக்களாக இருக்கவில்லை. ஊருக்கு ஊர் பேசிக்கொள்ளும் வழியாகப் படம் பயன்பட்டது. படம் எடுக்கப் போகும் யாரும் இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று விரும்புகிறேன்.

பணம்

சிறு படத்துக்கு அதிகம் செலவாவது பயணத்துக்கும் உணவுக்கும்தான். அதைத் திரட்டும் முறையும் படத்தின் சுதந்திரத்தைப் பாதிக்கும். 1984இல் கேரளத்தில் மலையாளத் திரைப்பட இயக்குநர் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் தொடங்கிய ஒடேசா கூட்டமைப்பு, மக்களிடமே சிறு தொகைகளாகத் திரட்டி 'அம்ம அறியான்' படத்தை 1986இல் எடுத்தது. பல பேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்த பணத்துக்கு இன்னொரு பயனும் உண்டு: கொடுத்தவர் படத்தைப் பார்க்க வருவார், நாலு பேரை அழைத்தும் வருவார். ஒரே நிறுவனம் முழுச் செலவையும் ஏற்பதாகச் சொன்னால், இறுதிப் பிரதியை மாற்றும் உரிமை யாருக்கு என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே கை நீட்டுங்கள்.

திரையிடல்

எந்த வரிசையில் வெளியிடுவது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். பாதிக்கப்பட்ட மக்கள், பிறகு முடிவெடுப்பவர்கள், பிறகு திரைப்பட விழாக்கள், கடைசியாக இணையம் என்பதே நான் சொல்லும் வரிசை. இணையத்தில் ஏற்கெனவே இருக்கும் படத்தைப் பல விழாக்கள் ஏற்பதில்லை. ஒருமுறை ஏற்றிவிட்டால் திரும்ப முடியாது. விழாக்களில் கண்ணை மூடிக்கொண்டு நுழைவுக் கட்டணம் கட்டாதீர்கள். செக் குடியரசின் தலைநகர் பிராகில் 1999 முதல் நடக்கும் ஒன் வேர்ல்டு போன்ற மனித உரிமைப் பட விழாக்களில் படத்தோடு விவாதத்துக்கும் இடம் உண்டு. உங்கள் படத்துக்கு அத்தகைய மேடைகளே பொருந்தும். பொது இடத்தில் படம் காட்ட உங்கள் நாட்டில் தணிக்கைச் சான்றோ காவல்துறை அனுமதியோ தேவையா என்பதைச் சட்டம் தெரிந்தவரிடம் கேட்டுவிடுங்கள்.

1968இல் ஃபெர்னாண்டோ சொலானஸும் ஒக்டாவியோ கெட்டினோவும் 'தி ஹவர் ஆஃப் தி ஃபர்னசஸ்' என்ற படத்தை முடித்தபோது அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி. வீடுகளிலும் தொழிற்சங்க அறைகளிலும் ரகசியமாகக் காட்டினார்கள். பார்ப்பவர்கள் பேசுவதற்காகப் படத்தையே நடுவில் நிறுத்தினார்கள். நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடும் அந்தப் படம் இப்படி நிறுத்தி விவாதிக்கும் நோக்கத்தோடுதான் அமைக்கப்பட்டது. உங்கள் திரையிடலிலும் படத்துக்கு இருபது நிமிடம் என்றால் பேச்சுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

புரொஜெக்டரை முதல் நாளே அதே அறையில் ஓட்டிப் பாருங்கள். ஒலிபெருக்கியை இன்னும் கவனமாகச் சோதியுங்கள். நாற்காலிகளை அரைவட்டமாகப் போடுங்கள், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிய வேண்டும். விவாதத்தை இயக்குநர் நடத்தக் கூடாது. நடத்தினால் கேள்விகள் எல்லாம் படமெடுத்த அனுபவத்தைச் சுற்றியே வரும். பிரச்சினையில் வேலை செய்யும் ஒருவர் நடத்தட்டும். "படம் எப்படி இருந்தது?" என்று தொடங்க வேண்டாம். "இதில் பார்த்தது உங்கள் பக்கத்திலும் நடக்கிறதா?" என்று கேட்கட்டும். பிறகு, அந்த அறையில் இருப்பவர்கள் அந்த வாரமே செய்யக்கூடிய ஒரே ஒரு வேலையை முன்வையுங்கள்: ஒரு மனுவில் கையெழுத்து, ஒரு கூட்டத்துக்கு வருவது, ஒரு சோதனைக்குத் தண்ணீர் மாதிரி எடுத்துத் தருவது. பத்து வேலைகளைச் சொன்னால் ஒன்றும் நடக்காது. வருகிறவர்களின் பெயரையும் தொடர்பு எண்ணையும் அவர்கள் விருப்பத்தோடு வாங்கி, அந்தப் பட்டியலைச் சங்கத்திடம் ஒப்படையுங்கள்.

படம் முடிந்த பிறகு

தொடக்கத்தில் எழுதிய அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். சோதனை முடிவுகள் வெளிவரத் தொடங்கினவா? விவசாயிகளும் தொழிலாளர்களும் சேர்ந்து போனார்களா? பார்வை எண்ணிக்கையையும் விருதுகளையும் இவற்றோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். நடந்த மாற்றத்துக்கு எவ்வளவு உரிமை கொண்டாடலாம் என்பதிலும் நேர்மை வேண்டும். பெல்ஜிய இயக்குநர்களான டார்டென் சகோதரர்களின் 'ரொசெட்டா' 1999இல் கான் விழாவில் தங்கப் பனை விருது பெற்றது. அதே ஆண்டு பெல்ஜியத்தில் இளைஞர் வேலைவாய்ப்புக்காக ரொசெட்டா திட்டம் வந்தது. படம்தான் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று உலகம் முழுவதும் சொன்னார்கள். அந்தச் சட்டம் முன்பே தயாராகிக்கொண்டிருந்தது என்று விளக்கியவர்கள் இயக்குநர்களே. பல வருடம் மனு கொடுத்தவர்களின் உழைப்பை உங்கள் பெயரில் எழுதிக்கொள்ளாமல் இருக்க அந்த உதாரணம் போதும்.

படத்தின் பிரதியையும், பாதுகாப்பாகக் கொடுக்கக்கூடிய மூலக் காட்சிகளையும் ஹார்ட் டிஸ்க்கில் போட்டுப் போராடுகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள். வழக்கில் சான்றாகவோ அடுத்த தலைமுறைக்கான ஆவணமாகவோ அவை அவர்களுக்குப் பயன்படும். எந்தக் காட்சியை யாருக்குக் காட்டக் கூடாது என்பதையும் அதோடு எழுதி வையுங்கள். படத்தில் பேசியவர்களை ஆறு மாதம் கழித்து ஒருமுறை போய்ப் பாருங்கள். படத்தால் அவர்களுக்குத் தொல்லை ஏதாவது வந்திருந்தால், இணையத்திலிருந்து எடுக்க வேண்டியதை அன்றே எடுத்துவிடுங்கள்.